ஒரே சட்டியில் மூன்று செவ்வந்தி

என் கைகளுக்குப் புத்தி கிடையாது. முப்பத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள். போன வருடம் தோட்டத்தில் ஓய்வு கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கைகளுக்கு மட்டும் அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் எந்தச் செடி நின்றாலும் நுனியைக் கிள்ளிவிடும். சுவரை ஒட்டிய அடுத்த காம்பரா வீட்டுச் சசியின் கறிவேப்பிலைக் கன்று இரண்டு தடவை என்னிடம் மாட்டியது. கோயில் துளசிகூடத் தப்பவில்லை. என்னைக் கண்டாலே பூசாரி துளசிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான். மே மாதம் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டத் தொடங்கிய கிழமையில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

துஷ்யந்தி என் மருமகள். என் மகன் சுதாகரனைக் கட்டிக்கொண்டு வரிசையாக ஒட்டிய இந்தத் தோட்டத்து லயத்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அவன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறான். மாதக் கடைசியில் வருவான், இரண்டு நாள் தூங்குவான், போவான். மிச்ச நாளெல்லாம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பிள்ளை. எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் நல்ல பிள்ளை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு வருவதெல்லாம் வள்ளென்று விழுவதுதான்.

கொழுந்து வேலை அவளுக்கு ஒத்துவரவில்லை. ஒரு மாதம் மலைக்குப் போய்ப் பார்த்தாள். அட்டைக்கடியில் கால் வீங்கியது, கங்காணியின் வாயில் மனசு வீங்கியது. அதோடு விட்டுவிட்டாள். லயத்தை விட்டு வெளியே தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவளுக்கும் சுதாகரனுக்கும் கல்யாணம் முடிந்த நாளிலிருந்தே ஆசை. ஒருவன் சம்பளத்தில் அது நடக்காது. அதனால் இரத்தினபுரியில் ஒரு ஏஜென்டைப் பார்த்தாள். குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருடம். மெடிக்கல் முடிந்துவிட்டது. ஜூலை ஐந்தாம் திகதி போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

முதலில் என்னிடம்தான் கேட்டாள்.

"மாமி, நான் போகட்டுங்களா?"

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். "ஒன் இஷ்டம். நானா ஒன்னய புடிச்சு வெச்சிருக்கேன்?" என்றேன்.

போகாதே என்றுதான் நெஞ்சில் இருந்தது. வெளியே வந்தது இது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டாள். நான் என் வாயைத் திட்டிக்கொண்டே புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போகாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. பலாங்கொடை டவுனில் கைருன்னிஸா என்று ஒரு முஸ்லிம் அம்மா பூக்கன்றுக் கடை வைத்திருக்கிறார், ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். வாடிப்போனது, வண்டியில் நசுங்கியது என்று அவர் ஒதுக்கிப் போடும் கன்றுகளை துஷ்யந்தி கேட்டு வாங்கி வந்து பிழைக்க வைப்பாள். எங்கள் காம்பரா வாசலில் பழைய பெயின்ட் வாளி, உடைந்த குடம், எல்லாவற்றிலும் ஏதாவது பூத்துக்கொண்டிருக்கும். அதில் ஒன்றிரண்டைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா அசந்துபோய்விட்டார்.

"ஜூலைல புதுசா ஒரு கொட்டகை போடப் போறன். அதுக்கு ஒரு ஆள் வேணும்" என்று அவர் சொன்னதாக துஷ்யந்தி வந்து சொன்னாள். "ஒரே சட்டீல மூணு நெறச் செவ்வந்தி, வெள்ள, மஞ்சள், ஊதா, மூணும் ஒண்டா பூத்து ஈக்கணும். எல்லாரும் கடைக்கு வந்து அதத்தான் கேக்குறாங்க. அப்பிடி ஒண்ட வளத்துக் கொண்டு வாங்க, ஒங்களத்தான் எடுப்பன்."

கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்வதற்கு அப்படியில்லை. செவ்வந்தி ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் கிடக்கும் செடிதான். பூத்து முடிந்ததும் வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். ஆனால் மூன்று நிறத்துக்கும் மூன்று குணம். வெள்ளை அவசரக்காரி. மஞ்சள் அதற்கு ஒன்பது பத்து நாள் பிந்தி. ஊதா சோம்பேறி, வெள்ளை பூத்துக் கருகி, மஞ்சளும் தலை தொங்கிய பிறகுதான் கண்ணையே திறக்கும். போன வருடமே துஷ்யந்தி தன் ஆசைக்கு இரண்டு தடவை நட்டுப் பார்த்தாள், இரண்டு தடவையும் இதே கதை. நோட்டுக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தாள். இந்த முறை சட்டியில் ஊதாவை வெயில் பக்கமாக வைத்து, வெள்ளையை நிழல் பக்கமாகத் திருப்பி, மார்ச் நடுவில் மூன்றாவது தடவையாக நட்டாள். இதுதான் கடைசி என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அந்த வெசாக் கிழமையில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். துஷ்யந்தி பீலிக்குப் போயிருந்தாள். பண்டாரவளையிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்தாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, வாசலில் பூச்சட்டி இருக்கும் மூலையில்தான் கிடைக்கும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றேன். தங்கச்சி தன் மருமகளைப் பற்றிப் புலம்பத் தொடங்கினாள். அந்தப் புலம்பலுக்கு முடிவே கிடையாது. நான் "ம்... ம்..." போட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், துஷ்யந்தி தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். அவள் பார்த்தது என்னையில்லை. எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வெள்ளைச் செவ்வந்தியின் நுனிகள் அங்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும் மிளகளவு மொட்டு. இரண்டு கையாலும் கிள்ளி, தோளுக்கு மேலே பின்பக்கம் எறிந்திருக்கிறேன், முதுகில் கூடை இருப்பதாக நினைத்து. சட்டியில் வெள்ளைச் செடியில் ஒரு நுனி மிச்சமில்லை. மேல்மட்டம் தேயிலைச் செடி மாதிரி சமமாக இருந்தது.

 "ஏ புள்ள... நான் தெரியாம..." என்றேன்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"நான் போகணும்னு நெனைச்சா வாயால சொல்லியிருக்கலாமே மாமி. வெளிநாட்டுக் காசுல வீடு வரும்னு நீங்க ஆசப்படுறது எனக்குத் தெரியாதா? அதுக்கு இந்தச் செடிய எதுக்கு?"

"இல்லடி! சத்தியமா இல்ல!"

"நீங்கதானே சொன்னீங்க, ஒன்னய புடிச்சு வெச்சிருக்கேனான்னு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் குனிந்து அந்த மொட்டுகளைப் பொறுக்கினேன். பொறுக்கி என்ன செய்ய? திரும்ப ஒட்டவா முடியும்? மடியில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதது மொட்டுக்காக இல்லை. அவள் என்னை அப்படி நினைத்துவிட்டாளே என்று அழுதேன். அதைவிட, அப்படி நினைக்க நானே இடம் கொடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது "சோறு இருக்கு", "தண்ணி கொதிச்சிருச்சு" என்பதோடு சரி. சட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். வெசாக் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையில் செவ்வந்தியை வெளியே விட்டால் வேர் அழுகிவிடும். காலையில் வெயில் பக்கம், மழை கறுத்தால் கூரைக்குக் கீழே என்று அந்தச் சட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நல்ல கனம். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும், இந்தக் கைகளுக்கு நல்ல தண்டனை என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது நாள் காலை கிள்ளிய இடங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு காம்பிலும் இலைக்கக்கத்தில் இரண்டு மூன்று புதுத் தளிர். தேயிலையில் இது எனக்குப் புதுசில்லை. ஏழு நாளைக்கு ஒரு ரவுண்ட், கிள்ளிய இடத்துக்கே திரும்பப் போவோம், அங்கே ஒன்றுக்கு இரண்டாக வந்து நிற்கும். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தட்டியது. வெள்ளை இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரக்காரியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாயிற்று. இப்போது அவள் போய்ச் சேரும் நேரத்துக்குச் சோம்பேறி ஊதாவும் வந்துவிடும் இல்லையா? தோட்டத்தில் இந்த மலை முந்தி, அந்த மலை பிந்தி என்று கொழுந்து வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? முந்தியதை முதலில் கிள்ளுவோம். கணக்கெல்லாம் கிள்ளுவதில்தான் இருக்கிறது.

ஆனால் நடுவில் மஞ்சள் இருந்தது. மஞ்சளில் மொட்டு வைக்கும் நேரம். விட்டால் அது தனியாகப் பூத்து முடிந்துவிடும். மூன்றும் சேர வேண்டுமானால் மஞ்சளையும் கிள்ள வேண்டும். ஒரு செடியை நாசம் செய்தவள் போய் இன்னொன்றையும் கிள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். என் விரல் அரித்தது. ஆனால் தொடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"துஷ்யந்தி, கொஞ்சம் இங்க வா."

வந்தாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். நான் நினைத்ததை எல்லாம் சொன்னேன். வெள்ளையின் தளிரைக் காட்டினேன். மஞ்சளைக் கிள்ள வேண்டும் என்றதும் அவள் முகம் மாறியது.

"இதையும் கிள்ளச் சொல்லுறீங்களா?"

"நான் கிள்ள மாட்டேன். கிள்ளுறதுன்னா நீ கிள்ளு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது புள்ள. முப்பத்தாறு வருஷத்துல நான் கிள்ளுனது எல்லாமே திரும்பி மொளைச்சிருக்கு. அது மட்டும் தெரியும்."

அவள் மஞ்சள் நுனியைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தக் கொப்பியை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். விரல் விட்டு எண்ணினாள்.

"இன்னைக்கு வேணாம்" என்றாள். "மஞ்சள் நுனி இன்னும் இளசா இருக்கு. இன்னைக்கே கிள்ளுனா வெள்ளைக்கு முந்திரும். இன்னும் நாலு நாள் போகட்டும்."

அவள் சொன்னதுதான் சரி. அது எனக்குத் தோன்றவில்லை. இளசு கிள்ளினால் சீக்கிரம் வரும், முற்றியது கிள்ளினால் தாமதமாக வரும் என்று எனக்குத் தெரியும். எத்தனை நாள் என்று அவள் கொப்பிக்குத்தான் தெரியும்.

"நாலு நாளு" என்றேன். பிறகு என்ன வந்ததோ, வாய் தானாகத் திறந்தது. "நீ போறது எனக்குப் புடிக்கல துஷ்யந்தி. வீடு கட்டுறது கெடக்குது. நீ போயிட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டு இருப்பேன்?"

சொல்ல நினைத்தது இதைவிட நல்லதாக இருந்தது. வந்தது இப்படித்தான். அவள் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் அன்று மழை கறுத்தபோது சட்டியின் மறுபக்கத்தை அவள் பிடித்தாள்.

நாலாம் நாள் அவளே கிள்ளினாள்.  விழுந்த ஒவ்வொரு நுனியையும் நான் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன். பிறகு நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். ஜூன் முழுக்கக் காத்திருந்தோம். லயத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோனது. சசி தினமும் வந்து பார்த்துவிட்டு, "இருளாயி அக்கா, கைய உள்ள போட்டுக்கங்க" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவாள். மாதக் கடைசியில் சுதாகரன் வந்தபோது அவனுக்குப் பயணப் பெட்டி வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "பூவக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் துஷ்யந்தி. அவன் தலையைச் சொறிந்தான்.

ஊதாதான் முதலில் மொட்டுப் பிளந்தது. அடுத்த நாள் வெள்ளை. மஞ்சள் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஜூலை முதலாம் திகதியும் அப்படியே. துஷ்யந்தி அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டாம் திகதி மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. சாயங்காலம் பார்த்தால் மஞ்சள் மொட்டுகளின் உச்சியில் நிறம் தெரிந்தது. மூன்றாம் திகதி காலை பாதி விரிந்திருந்தது. இனிக் காத்திருக்க நாள் இல்லை. கையெழுத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

சட்டியை ஒரு சாக்கில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் சட்டிக்கும் டிக்கட் என்றான். "ஒன் மடியில வெச்சுக்க, டிக்கட் எடுக்குறேன்" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. ஒவ்வொரு வளைவிலும் துஷ்யந்தி கையை விரித்துப் பூக்களுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டே வந்தாள். அப்படியும் ஒரு வெள்ளைப் பூ கம்பியில் பட்டுக் காம்பு மடிந்துவிட்டது.

கைருன்னிஸா ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டியைச் சுற்றி வந்தார்.  திடீரென்று மண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவினார். மூன்று சின்னச் சட்டியை ஒரே பெரிய சட்டிக்குள் இறக்கிக் கொண்டு வந்து ஏமாற்றுகிறோமா என்று பார்க்கிறார். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைத் தொட்டுப் பார்த்ததும் விரலை எடுத்தார்.

"மஞ்சள் பாதிதான் விரிஞ்சி ஈக்கி" என்றார்.

துஷ்யந்தியின் முகம் வெளிறியது. என் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். நல்ல வேளை, அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அதுதான் நல்லம். முழுசா விரிஞ்சத வாங்கிட்டுப் போனா மூணு நாள்ல கொட்டிரும், அடுத்த கிழம வந்து என்னோட சண்ட புடிப்பாங்க. இது வீட்டுக்குப் போய் விரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "எப்பிடிச் செஞ்சீங்க, செல்லுங்க பாப்பம். இத்தன வருஷமா நானே செஞ்சி பாத்து ஏலாமப் போனது."

துஷ்யந்தி என்னைப் பார்த்தாள். "வெள்ளைய மாமி தெரியாமக் கிள்ளிட்டாங்க. மஞ்சள நாங்க ரெண்டு பேரும் தெரிஞ்சே கிள்ளினோம்" என்றாள்.

ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "திங்கக்கிழமையில இருந்து வாங்க. வாரப்போ மாமியையும் சும்மா ஒருக்கா கூட்டிட்டு வாங்க. ஆனா கறிவேப்பில கன்று பக்கம் விடாதீங்க." அந்தக் கதையையும் இவள் சொல்லியிருக்கிறாள் பாருங்கள்.

கடையை விட்டு வெளியே வந்ததும் ரோட்டோரத்தில் நின்று துஷ்யந்தி ஏஜென்டுக்குப் போன் போட்டாள். சிங்களத்தில் பேசினாள். வரவில்லை, கையெழுத்துப் போடவில்லை என்று சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்காக இடம் பிடித்து வைத்ததாம், இப்படி ஒரு வீடு இனிமேல் கிடைக்காதாம், புருஷன் வேண்டாம் என்கிறானா, மாமியார் பிரச்சினையா, ஒரு கிழமை யோசித்துச் சொல்லட்டுமாம். துஷ்யந்திக்கு யாரையும் முகம் முறித்துப் பேசத் தெரியாது. அவள் குரல் இறங்கியது. "ஹரி மாத்தயா, மம..." என்று இழுத்தாள். சரி, யோசிக்கிறேன் என்று சொல்லப் போகிறாள்.

நான் போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். என் சிங்களம் தேயிலை நிறுக்கும் இடத்தில் சண்டை போட்டுப் பழகிய சிங்களம். நயமாகப் பேச வராது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

"மகே துவ யன்னே நே" என்றேன். என் மகள் போகமாட்டாள்.

அவர் ஏதோ கேட்டார். நான் இன்னொரு தடவை, ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, அதையே சொன்னேன். பிறகு எதை அமர்த்தினால் போன் நிற்கும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமர்த்தினேன். நின்றுவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். துஷ்யந்தி அதை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான், மறைக்க ஒன்றுமில்லை.

மருமகளுக்குச் சிங்களத்தில் லேலி என்று வேறு ஒரு சொல் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். துஷ்யந்திக்கும் தெரியும்.